ஒட்டுப்போட்ட மாமன் சேலை

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான மேட்டு லயத்தில் மூக்கம்மாள் வீட்டில் மட்டும் கந்தல் என்று ஒன்று கிடையாது. மற்றவர் வீட்டில் கிழிந்த துணி அடுப்படி துடைக்கப் போகும். இவள் வீட்டில் அது இன்னொன்றாகி மறுபடி உடம்பில் ஏறும். புருஷன் குருசாமியின் வேட்டி நடுவில் நைந்தால், நைந்ததை வெட்டிவிட்டு இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்து இன்னும் ஒரு வருஷம் உடுத்த வைப்பாள். அதுவும் போனால் மகள் பூமாரிக்குச் சட்டை. சட்டையும் போனால் கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அறுக்காமல் இருக்க மடித்து வைக்கும் துணி. துணியைச் சாகவே விடமாட்டாள் இந்தப் பொம்பளை என்று லயமே கேலி பேசும். பேசட்டும். பேசின வாய்களே தீபாவளிக்கு முந்தின வாரம் பழைய சேலையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் வந்து நிற்கும்.

பிறந்தது மலைக்குக் கீழே, போடிக்குப் பக்கத்து ஊர். வாக்கப்பட்ட மறுமாசமே போடிமெட்டு ஏறித் தேயிலைக் காட்டுக்கு வந்துவிட்டாள். கூடப் பிறந்தவன் அண்ணன் நல்லதம்பி ஒருவன்தான். அவள் கல்யாணத்திலிருந்து ஒரு விசேஷம் தவறாமல், மூச்சு வாங்க மலையேறி வந்து ஒரு துணியாவது கொடுத்துவிட்டுப் போவான். அவன் கொடுத்ததையெல்லாம் அவள் தனியாக ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நான்கு, ஆனி மாசக் கடைசியில் பூமாரி பெரிய மனுஷி ஆனாள். வீட்டை ஒட்டிப் பச்சைக் குழையால் குச்சில் கட்டி அவளை உட்கார வைத்தார்கள். போடிக்குப் போகிற மாட்டுக்காரனிடம் நல்லதம்பிக்குச் சேதி சொல்லியாயிற்று. பதினாறாம் நாள் அவன் சேலையோடு வந்து நிற்பான் என்று மூக்கம்மாள் பச்சரிசி இடித்து வைத்தாள்.

வந்தது அவனல்ல, வெள்ளம். ஆடி பிறந்ததும் வானம் உடைந்ததுபோல ஊற்றியது. ஆறு பாலத்தைத் தின்றது, மலை பாதையைத் தின்றது. போடிமெட்டு வழி பல இடங்களில் சரிந்து, கழுதைகூட ஏற முடியாமல் போயிற்று. கடைக்காரனிடம் ஒரு முழம் புதுத்துணி இல்லை. பச்சரிசி மாவு புளித்துப்போனது. சடங்கை ஆவணிக்குத் தள்ளிவைத்தார்கள். ஆவணியும் வந்தது, பாதை திறக்கவில்லை.

மாமன் சேலை இல்லாமல் பெண் குச்சிலைவிட்டு வெளியே வரக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, தாய்மாமன் கொண்டுவந்ததை உடுத்தித்தான் வீட்டுப்படி ஏறவேண்டும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அந்தச் சேலையை எவர் போடுகிறாரோ அவர்தான் மாமன். நாளைக்கு அவர் மகன் பெண் கேட்டு வந்தால் முடியாது என்று சொல்ல வாயிருக்காது. நல்லதம்பிக்கு மூன்றும் பெண்கள், ஆகவே அந்தப் பக்கம் தொல்லையில்லை. தொல்லை வேறு பக்கமிருந்து வந்தது.

கங்காணி கருப்புசாமி மூக்கம்மாளின் ஊர்க்காரர், முப்பது குடும்பத்தை மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தவர். யாருக்கு எந்தக் காட்டில் வேலை என்று தீர்மானிக்கிற ஆள். அவருடைய மகன் சுடலை, கட்டின பெண்டாட்டியை அடித்த அடியில் அவள் பிறந்த வீட்டுக்கு ஓடிப்போய் வருஷம் இரண்டாகிவிட்டது. கங்காணி ஒருநாள் குருசாமியைக் கூப்பிட்டு, நானும் மூக்கம்மாளுக்கு அண்ணன் முறைதானே, வீட்டில் ஒரு பட்டுச்சேலை பெட்டியில் சும்மா கிடக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை நானே போட்டுவிடுகிறேன் என்றார். குருசாமி நல்ல மனுஷன்தான். ஆனால் கங்காணி முன்னால் அவனுக்கு முதுகெலும்பு இருந்த இடம் தெரியாது. சரியென்று தலையாட்டிவிட்டு வந்து சொன்னான்.

மூக்கம்மாள் கத்தவில்லை. கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எம்மக முதுகு என்ன கங்காணி வீட்டுத் தப்பட்டையா, சுடலை அடிக்கதுக்கு? வெள்ளிக்கிழமை சடங்கு நடக்கும். எங்கண்ணன் சேலைதான் ஏறும். போயி அவருகிட்டச் சொல்லு" என்றாள்.

சொன்ன பிறகுதான் தகரப் பெட்டியைத் திறந்தாள். தைரியம் அவளுக்கு எப்போதும் ஒரு அடி முன்னால் நடக்கும், வழி பின்னால் வந்து சேரும். பெட்டியில் கல்யாணத்துக்கு அண்ணன் எடுத்த அரக்குச் சேலை இருந்தது. பாதியை ஈரம் தின்றிருந்தாலும் மீதி திடமாக இருந்தது. பூமாரி காது குத்துக்கு அவன் கொண்டுவந்த பச்சைப் பாவாடை இருந்தது. இரண்டு பொங்கலுக்கு முன் கொடுத்த நாவல்பழ நிறச் சேலை, தேயிலைச் செடி உரசி முன்பக்கம் நைந்திருந்தாலும் மற்ற இடம் கெட்டி. ஒரு மஞ்சள் துண்டும் கிடந்தது. அதையும் அண்ணன் போடியிலிருந்து கொடுத்தனுப்பியதாக மூன்று வருஷத்துக்கு முன் குருசாமி கொண்டுவந்து தந்திருந்தான்.

பிறந்த பிள்ளைக்கு மாமன் போடும் தூளிச் சேலை மட்டும் பெட்டியில் இல்லை. பூமாரி ஆடின அந்தச் சேலையில் இப்போது அடுத்த வீட்டு மதலேனம்மாளின் கைக்குழந்தை அன்னமேரி தூங்கிக்கொண்டிருந்தது. மதலேனம்மாளுக்குப் பிறந்த வீடு என்று யாருமில்லை, அதனால் மூக்கம்மாளே கொடுத்தது. தூங்குகிற பிள்ளைக்கு அடியிலிருந்து துணியை உருவ அவளுக்கு மனசில்லை.

மழைக்கு வேலை நின்ற நாட்களில் உட்கார்ந்து தைத்தாள். ஊசி மட்டும் மதலேனம்மாளிடம் இரவல். நூல்கூட வெளியே வாங்கவில்லை, அரக்குச் சேலையின் இற்றுப்போன பக்கத்திலிருந்து அறாத இழையாகப் பார்த்து உருவி முறுக்கிக்கொண்டாள். உடம்புக்கு அரக்கு, கொசுவத்துக்கு நாவல்பழம், ஓரம் முழுக்கப் பச்சைப் பாவாடையைக் கிழித்துப் பட்டையாகத் தைத்து ஓட்டினாள். மஞ்சள் துண்டு முந்தானையாயிற்று. தையல் உள்பக்கம் போகும்படி மடித்து மடித்து ஓட்டியதில், தூரத்திலிருந்து பார்த்தால் தறியிலேயே அப்படி நெய்ததுபோல் இருந்தது. குச்சிலுக்குள்ளிருந்து பூமாரி எட்டிப் பார்த்து, அம்மா, இது பட்டைவிட நல்லாருக்கு என்றாள். பார்க்காதே, கண்ணுபடும் என்று அதட்டினாலும் மூக்கம்மாளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை லயமே கூடியது. பூமாரிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றியாயிற்று. மாமன் இடத்தில், நல்லதம்பி முன்பு விட்டுப்போன கைத்தடியைச் சாத்தி வைத்து, அதன்முன் தாம்பாளத்தில் சேலையை வைத்தாள். வெட்டித் தைத்தது புதுக்கோடி ஆகுமா என்று ஒரு கிழவர் இழுத்தார். கோடி என்றால் மாமன் காசில் வந்தது, இதில் எந்த இழை எங்கண்ணனுடையது இல்லை, காட்டுங்கள் என்று அவள் கேட்டாள். கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

கங்காணி சும்மா இருக்கவில்லை. தாம்பாளத்துக்கு அருகில் வந்து முந்தானையை விரலால் தூக்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது.

"இந்த மஞ்சத் துணி என் கையால குருசாமிக்குக் குடுத்தது. மாமன் சேலையில நானும் இருக்கேன் தங்கச்சி" என்றார்.

மூக்கம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கங்காணி கொடுத்தது என்று சொன்னால் முகத்தில் விட்டெறிவாள் என்று பயந்து, அண்ணன் பேரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான், பாவி. இத்தனை நாள் தைத்ததும் கடைசியில் சுடலைக்கே வழிவிட்டதே என்று நினைத்த அந்த ஒரு நொடிதான் அவள் பயந்தது.

இடுப்பிலிருந்து, செடி வெட்டும் கவாத்துக் கத்தியை எடுத்தாள். முந்தானைத் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுத்தாள். மஞ்சள் துண்டை மடித்து, இரண்டு கையாலும் மரியாதையாகவே நீட்டினாள்.

"உங்க துணி. பிடிங்க கங்காணியாரே."

அண்ணே என்று சொல்லவில்லை என்பதைக் கூட்டத்தில் எல்லோரும் கவனித்தார்கள். கங்காணி துணியை வாங்கிக்கொண்டு, சரி, முந்தானை இல்லாமல் புள்ளையை எப்படிப் படியேத்துவே என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த பூமாரியின் தோளை மூட அந்தச் சேலையில் இனித் துணியில்லை.

அப்போது அடுத்த வீட்டில் குழந்தை வீரிட்டு அழுதது. மதலேனம்மாள் ஒரு கையில் அன்னமேரியும் மறு கையில் தூளிச் சேலையுமாகக் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள்.

"இந்தாக்கா. இது நல்லதம்பி அண்ணாச்சி பூமாரிக்குப் போட்டதுதான? லயத்துல எல்லாருக்கும் தெரியும்."

சேலை இன்னும் சூடாக இருந்தது, ஒரு ஓரத்தில் ஈரமாகவும் இருந்தது. தையலுக்கு நேரமில்லை. மூக்கம்மாள் தைத்த சேலையை மகளுக்குச் சுற்றி, தூளிச் சேலையை அதன் அரக்கோடு சேர்த்து இடுப்பில் ஒரு முடிச்சாக முடிந்து தோளில் போட்டாள். தூளி கட்டின முடிச்சின் சுருக்கம் முந்தானை நடுவில் தெளிவாகத் தெரிந்தது. பூமாரி மூக்கைச் சுளித்து, அம்மா, மூத்திர நாத்தம் என்றாள். பெண்கள் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்போடு குலவையும் சேர்ந்துகொள்ள, பூமாரி நிமிர்ந்து படியேறினாள். கங்காணி மஞ்சள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுவாரத்திலிருந்து மூக்கம்மாளுக்கு அட்டை அதிகமுள்ள சரிவில்தான் வேலை. அவள் காலில் புகையிலைச் சாற்றைத் தடவிக்கொண்டு பாட்டுப் பாடியபடி பறித்தாள்.

ஐப்பசியில் பாதை திறந்தது. முதல் ஆட்களோடு நல்லதம்பி வந்தான், கையில் நீலச் சுங்குடிச் சேலை. நடந்ததைக் கேட்டு, வரமுடியாமல் போனதற்காகக் குலுங்கி அழுதான். இப்போதாவது என் சேலையைப் பிள்ளைக்குக் கட்டிவிடு என்றான்.

"அவ உஞ்சேலையக் கட்டி ரெண்டு மாசமாச்சு. கண்ணத் தொடச்சிட்டு எங்கூட வா" என்றாள் மூக்கம்மாள்.

மதலேனம்மாள் வீட்டில் அன்னமேரி கொழுந்துச் சாக்கில் கட்டிய தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சாக்கின் நார் உராய்ந்து கன்னமெல்லாம் சிவந்திருந்தது. மூக்கம்மாள் குழந்தையை அண்ணன் கையில் கொடுத்தாள். சாக்கை அவிழ்த்து எறிந்துவிட்டு, மடிப்புக் கலையாத நீலச் சேலையை உத்தரத்தில் போட்டு முடிச்சிட்டாள். வேண்டாம் அக்கா, கோடிச் சேலை அக்கா என்று மதலேனம்மாள் கையைப் பிடித்தாள். மூக்கம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"சேலை போட்டவந்தான மாமன். இனி இவளுக்கும் நீதான். ஆட்டு."

நல்லதம்பி தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, குழந்தையைக் கிடத்தி, தூளியை ஆட்ட உட்கார்ந்தான்.