என் பிள்ளைக்கும் சேர்த்துக் கும்பிடு

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. ஆடி மாதத்தில் ஒரு நாள் விடிந்ததும் நானும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்குப் பஸ் ஏறினோம். மூத்தவனுக்கு ஏழு வயது, அடுத்தவளுக்கு நாலு, கடைசி கைக்குழந்தை. ஆய்க்குடி முருகனுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வேண்டும். குற்றாலத்தில் பிள்ளைகளைக் குளிக்க வைக்க வேண்டும். தென்காசியில் என் சிநேகிதன் வீட்டுக்குப் போய்த் துட்டி கேட்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதைக் கடைசியில் வைத்துக்கொண்டேன்.

சாவு விழுந்த வீட்டுக்குப் போய் விசாரிப்பதைத்தான் எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். அதைக் கேட்காதவன் அந்த வீட்டு வாசலை வேறு எதற்கும் மிதிக்க முடியாது. நான் ஒரு வருஷமாகக் கேட்கவில்லை.

அவனும் நானும் தென்காசியில் ஒரே பெஞ்சில் எட்டாவது வரை படித்தவர்கள். பிறகு நான் பாளையங்கோட்டைக்கு ஜவுளிக்கடை வேலைக்கு வந்துவிட்டேன். அவன் பலசரக்குக் கடை வைத்தான். எங்கள் இருவருக்கும் தலைப்பிள்ளை ஒரே மாதத்தில் பிறந்தது. இரண்டும் ஆண். முந்தின வருஷம் ஆனியில் இரண்டுக்கும் விஷக்காய்ச்சல் வந்தது. அவனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "ஏலே, எம் மகனுக்கும் காய்ச்சல்தான். நீ சாமிகிட்டயே நிக்கவன். உன் பிள்ளைக்குக் கும்பிடும்போது என் பிள்ளைக்கும் சேர்த்துக் கும்பிடு" என்று எழுதியிருந்தான். அதை முருகன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பாவம். மறக்கவில்லை. தினம் இரண்டு வேளை அந்தப் படத்தின் முன்தான் நின்றேன். என் மகன் பெயரை மட்டும் சொல்லிச் சொல்லிக் கும்பிட்டேன். இரண்டு பிள்ளைகளுக்குக் கேட்டால் கிடைக்கிறது பாதியாகப் போய்விடுமோ என்று ஒரு பயம். கடவுள் என்ன, கடையில் கிழித்துக் கொடுக்கும் துணியா? அப்போது அப்படித்தான் எனக்குத் தோன்றியது. துளசி மாலை போட்டு விரதம் தொடங்கினேன். மறு ஆடியில் ஆய்க்குடியில் படிப்பாயசம் போடுவதாக நேர்ந்துகொண்டேன். என் மகனுக்குக் காய்ச்சல் இறங்கியது. நாலாம் நாள் தென்காசியிலிருந்து அடுத்த கார்டு வந்தது. வாசலில் நின்று படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகினேன். மாலை போட்டவன் சாவு வீட்டுக்குப் போகலாகாது. சாமி காரியம், அவன் புரிந்துகொள்வான் என்று சொல்லிக்கொண்டேன். மாலை கழற்றியபோது மனைவிக்கு நிறைமாதம். அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளக் காரணமே வேண்டியிருக்கவில்லை. வெட்கமே போதுமாக இருந்தது.

கரிப் பஸ் ஆலங்குளம் தாண்டி ஒரு மேட்டில் நின்றுவிட்டது. பின்னால் இருந்த கரி அடுப்புக்கு ஒருவன் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தான். கண்டக்டர் எல்லோரையும் இறங்கச் சொன்னார்.

"ஆச்சி, வண்டிக்கு மூச்சு வாங்குது. செத்த நேரம் தள்ளிக்கிட்டே நடந்து வாங்க."

"நாங்க தள்ளி நீங்க ஓட்டுததுக்கு டிக்கெட் வேறயா? எங்களுக்குல்லா நீங்க கூலி தரணும்!" என்றாள் கூடை வைத்திருந்த கிழவி. எல்லோரும் சிரித்தார்கள். என் மகனும் கூட்டத்தோடு நின்று பஸ்ஸைத் தள்ளினான். கை முழுக்கக் கரி. நான் அவனுக்குக் கடையிலிருந்து புதுச் சட்டை எடுத்துத் தைத்துப் போட்டிருந்தேன்.

தென்காசியில் இறங்கி மாட்டு வண்டி பிடித்து ஆய்க்குடிக்குப் போனோம். பாயசத்தை ஆற்றுப்படியில் ஊற்றுவார்கள், பிள்ளைகள் அதை வழித்துச் சாப்பிடுவார்கள். அதுதான் படிப்பாயசம். ஊர்ப் பிள்ளைகளோடு என் மகனும் படியில் மண்டி போட்டு நக்கினான். நான் கண்ணீர் விட்டேன். அது நன்றிக் கண்ணீர்தான், பொய்யில்லை.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "ஏங்க, இனி நேரே அவுக வீட்டுக்குப் போயிருவோம். துட்டி கேட்டுட்டுல்லா குளிக்கணும்? குளிச்சி முழுகிட்டுப் போயி யாராவது நிப்பாங்களா? பிள்ளையள வேணும்னா நான் வண்டியிலயே வச்சிக்கிடுதேன், நீங்க மட்டும் உள்ள போங்க."

"பிள்ளையளப் பாத்தா அவனுக்கு ஆறுதலா இருக்கும்டீ" என்றேன். அதற்குள் பிள்ளைகள் அருவி அருவி என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல சாரல் வேறு. வண்டியைக் குற்றாலத்துக்கு விடச் சொன்னேன்.

இப்படித்தான் ஈரத் தலையும் நெற்றி நிறைய விபூதியுமாக, கையில் பிரசாதப் பொட்டலத்தோடு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி அவன் வாசலில் போய் நின்றோம்.

அவன் மனைவி எங்களைப் பார்த்தாள். அழவில்லை. என் மகனைத்தான் பார்த்தாள். "ஐயோ, தலையெல்லாம் இப்பிடி நனஞ்சிருக்கே, தடுமன் பிடிச்சிரும்லா" என்று உள்ளே போய் ஒரு சின்னத் துண்டை எடுத்து வந்தாள். அவனைத் தன் முன் உட்கார வைத்து நெடுநேரம் துவட்டினாள். அந்தத் துண்டு யாருடையது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது, அவனைத் தவிர.

சிநேகிதன் கடையிலிருந்து வந்தான். முன்தலை நரைத்திருந்தது.

"என்னலே, இப்பம்தான் வழி தெரிஞ்சுதா?" என்றான்.

அந்த 'லே' காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது. திட்டுவான், அடித்தாலும் அடிப்பான், ஆனால் இன்னும் என் சிநேகிதன்தான். மாலை போட்டிருந்தது, பிரசவம், பஸ் கிடைக்காதது எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

"அதெல்லாம் கெடக்கட்டும்லே. நீ வராததுக்கு நான் உன்னயக் கோவிக்கல. ஒண்ணு மட்டும் கேக்கேன். கார்டு போட்டேன்லா? எம் பிள்ளைக்கும் சேத்துக் கும்பிட்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பயந்துட்டேன்லே என்று சொல்லி அழுதிருக்கலாம். அதைக் கேட்கத்தான் அவன் ஒரு வருஷம் காத்திருந்தான் என்று இப்போது நினைக்கிறேன். கையில் முருகன் விபூதியை வைத்துக்கொண்டு, "கும்பிட்டேன்லே, தெனமும் கும்பிட்டேன்" என்றேன்.

என் மனைவி சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வீட்டில் நான் வாய்விட்டுக் கும்பிடும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவள் அவள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். சிநேகிதன் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொட்டலத்தை நீட்டினேன். இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தான். பிரித்துப் பூசிக்கொள்ளவில்லை.

"சந்தோஷம் அண்ணாச்சி" என்றான். "பிள்ளையள வச்சிக்கிட்டு அம்புட்டுத் தூரம் போகணும். பஸ்ஸ விட்டுறாதீங்க."

கடைக்கு வருகிற புது ஆளிடம் பேசும் குரல் அது. ஐந்தாறு வயதிலிருந்து பழகியவன், என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து, "போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"துட்டிக்கு வந்தவங்க சொல்லிக்கிட்டுப் போவப்படாது அண்ணாச்சி. வாறேன்னும் சொல்லப்படாது. பேசாம போங்க."

போனோம். அவன் வாசல்வரை வரவில்லை. அதுவும் முறைதான்.

பஸ் புறப்பட்ட பிறகுதான் மகன் கழுத்தில் அந்தத் துண்டு கிடப்பதைப் பார்த்தோம். துட்டி வீட்டுக்குத் திரும்பிப் போவதும் கூடாது. அது இன்னும் எங்கள் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. உபயோகிக்கவும் முடியவில்லை, தூர எறியவும் முடியவில்லை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று மனைவி சில வருஷம் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

இப்போதெல்லாம் கும்பிடும்போது அந்தப் பிள்ளையின் பெயரைத்தான் முதலில் சொல்லுகிறேன். முருகன் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். அந்தப் பிள்ளையின் தகப்பன் கார்டு போட்டுக் கேட்ட அன்றைக்கு அல்லவா நான் சொல்லியிருக்க வேண்டும்.