அப்படி யாரும் இங்கே இல்லை

என் கொழுந்தனுக்கு வந்த மாத்திரையை, வாசலுக்குக்கூட வரவிடாமல் திருப்பி அனுப்பியவள் நான். அவன் செத்தது அதனால்தான்.

கதிரேசன் என் கணவரின் தம்பி. வளைகுடாவில் வேலை பார்த்தவனை, இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது எனக்கும் என் கணவருக்கும் மட்டுமே தெரியும். மாதந்தோறும் திருக்காட்டுப்பள்ளியில் பஸ் ஏறித் தஞ்சாவூர் போய் மாத்திரை வாங்கி வருவான். உடம்பு தேறியிருந்தது. எங்கள் வயலைப் பார்த்துக்கொண்டதே அவன்தான்.

ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது. மாத்திரை தீரும் நிலையில், என் போனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசினான். அவனுடையது பழுதாகிக் கிடந்தது; வீட்டில் வேறு போன் இல்லை.

"வீட்டுக்கே கொண்டாந்து தர்றாங்களாம் அண்ணி!" என்று சிரித்தான்.

அந்த அழைப்பு வந்தபோது அவன் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தான்.

"கதிரேசன் வீடுங்களா? மாத்திரை கொண்டாந்திருக்கோம். தெருமுனையில நிக்கிறோம், எந்த வீடுங்க?" ஒரு பெண்ணின் குரல்.

ஜன்னல் வழியே பார்த்தேன்... முகக்கவசத்தோடு இருவர், ஒரு ஸ்கூட்டர். எதிர்வீட்டுக்காரி அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் மகளுக்கு அப்போதுதான் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீடு அடுத்த தெரு!

"அப்படி யாரும் இங்க இல்லைங்க. ராங் நம்பர்."

வண்டி திரும்பிப் போனது. அந்த எண்ணை பிளாக் செய்தேன்.

சேற்றுக் காலோடு வந்தவன் கேட்டான்: "போன் ஏதும் வந்துச்சா அண்ணி?"

"இல்லப்பா."

இன்னொரு தடவை பேசிப் பார்க்கட்டுமா என்றான். ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்றேன். பிறகு அவன் கேட்பதையே விட்டுவிட்டான்.

ஒருவன் மெலிவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு எப்படிச் சோறு போட்டாய் என்று நீங்கள் கேட்கலாம். போட்டேன்... அவன் சாப்பிட்டான்.

காய்ச்சல் வந்தது, இருமல் வந்தது. மறுபடி பஸ் ஓடியபோது, நிறுத்தம்வரை நடக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. ஆம்புலன்ஸில் தஞ்சாவூர் கொண்டுபோனோம். காசநோய் முற்றிவிட்டது என்றார் டாக்டர். மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று அவனைக் கடிந்துகொண்டார்.

அவர் நகர்ந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்: "அவங்களுக்கு இப்ப ஆயிரம் வேலை. என்னைய மறந்துட்டாங்க போல அண்ணி."

தலைமாட்டில்தான் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம்! "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

அந்த வாரமே போய்விட்டான். கொரோனா என்று ஊர் நம்பியது, நாங்கள் மறுக்கவில்லை. மகளின் கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை...

"என் தம்பிய அந்த ஆஸ்பத்திரிக்காரங்க கைவிட்டுட்டாங்க" என்று என் கணவர் சில நேரம் சொல்வார்.

நான் "ஆமாங்க" என்பேன்.