டோர்லா அத்தையின் முகத்தில் வெளிச்சம்

நரியைச் சுட வந்தவள் விளக்கைத் தன் முகத்தின் மேலேயே ஏன் திருப்ப வேண்டும்? என் உயிரும் அவள் உயிரும் ஊசலாடிய அந்த நிமிடத்தில் எனக்கு அது விளங்கவில்லை.

டோர்லா, அப்பாவின் தங்கை. பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். ஆடுகள் குட்டி போடும் மாதங்களில் இரவானால் துப்பாக்கியோடு கிளம்பிவிடுவாள். எந்நேரமும் கன்னத்தில் சூரியகாந்தி விதை அடக்கியிருப்பாள். விவாகரத்தின்போது வீட்டைப் புருஷனுக்கே விட்டுவிட்டு, இருட்டில் உடம்புச் சூட்டை வெள்ளையாகக் காட்டும் இரவுநோக்கி பொருத்திய துப்பாக்கியை மட்டும் கேட்டு வாங்கினாள். "வீட்ட வெச்சு நரி சுட முடியுமா?" என்பாள்.

அமெரிக்காவில் எங்கள் டகோட்டா பக்கத்தில் வேட்டைக்குப் போகுமுன் பக்கத்துப் பண்ணைக்குப் போன் செய்துவிடுவது வழக்கம். அன்று செய்யவில்லை. பக்கத்துப் பண்ணை எம்மெட் கிரால் எங்கள் வேலிக் கதவைத் திறந்து போட்டுப் போனதில் அத்தைக்கும் அவருக்கும் பெரிய சண்டை, பேச்சே நின்றிருந்தது.

கொயோட்டி நரிகள் என் ஆட்டுக்குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தன. நானும் அத்தையோடு போனேன். நரி மிரளாத சிவப்பு விளக்கு என் கையில். மேட்டில் குப்புறப் படுத்தோம். அத்தை ஊதலை வாயில் வைத்து நரி மாதிரி ஊளையிட்டாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் ஊளை வந்தது. மறுபடி ஊதினாள். பதில் இன்னும் கிட்டத்தில் கேட்டது.

அத்தை இரவுநோக்கியை என் கண்ணுக்குக் காட்டினாள். இருட்டுப் புல்லுக்குள் வெள்ளையாகச் சின்ன உருவம் ஒன்று பதுங்கிப் பதுங்கி எங்களை நோக்கி வந்தது.

"சுடு அத்த! போயிடப் போகுது."

"பொறுடி. காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

"அங்கருந்து நம்ம மேல."

"நரி சுத்தி வந்து நம்மள மோந்து பாக்கும். இது காத்த முதுகுல வாங்கிட்டு நேரா வருதே..."

உருவம் நின்றது. அத்தை விதை மெல்லுவதை நிறுத்தினாள். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்த விளக்கைப் பிடுங்கினாள்.

"தலையத் தூக்காத. மூச்சு விடாத."

சிவப்பு வெளிச்சத்தைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டாள். தொப்பியைக் கழற்றினாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

எதிரே புல் அசைந்தது. "அடக் கடவுளே!" என்று ஒரு குரல் உடைந்தது. உருவம் எழுந்து ஆளானது. எம்மெட். தடித்த கோட்டு உடம்புச் சூட்டை மறைத்ததால் முகமும் கையும் மட்டும் வெள்ளையாகத் தெரிந்திருக்கின்றன.

"டோர்லா! பதிலுக்கு ஊதுனது நாந்தான். ரெண்டு நரின்னு நெனச்சேன். விரல் துப்பாக்கி விசை மேல இருந்துச்சு."

"தெரியும்யா. அதான் இந்த மூஞ்சியக் காட்டினேன். இதப் பாத்தா எவனுக்கும் விரல் வெறச்சிடும்."

அவர் துப்பாக்கியைப் புல்லில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும்போது கேட்டேன். "கத்தியிருக்கலாமே அத்த? இல்ல, அந்தாளு மேல வெளிச்சம் அடிச்சிருக்கலாமே?"

"கத்துனா திடுக்குனு ஆயிடும். கண்ணுல அடிச்சாலும் அப்படித்தான். ஆளு திடுக்கிட்டா விரலும் அமுங்கும்டி."

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. "இன்னைக்கு வடக்கு மேட்டுக்குப் போறேன். வேலிக் கதவ மூடிட்டேன்" என்றார் எம்மெட். அத்தை "ம்" என்று மட்டும் சொன்னாள்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இரவில் துப்பாக்கி எடுத்துப் போகிறவராக இருந்தால், பக்கத்துக்காரரோடு பேசாதவராகவும் இருந்தால், தயவுசெய்து இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.