காலியாகப் போயிருக்க வேண்டிய ஏலம்

ஏல விதிகளின் வரைவில் ஒரு வரியை மேடம் பென்சிலால் அடித்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு கோடு போதும். அவரோ தாள் கிழிகிற அளவுக்குத் திரும்பத் திரும்ப அடித்தார். பெரிய சூரிய மின் நிலையம் கட்டிய அனுபவம் உள்ளவர்கள் மட்டுமே ஏலத்தில் கலந்துகொள்ளலாம் என்ற வரி அது. அந்த வரியின் புண்ணியத்தில் ஒவ்வொரு தடவையும் அதே பெரிய கம்பெனிகள்தான் வந்து போய்க்கொண்டிருந்தன. மொட்டை மாடியில் பேனல் மாட்டிய அனுபவமே சின்னத் திட்டங்களுக்குப் போதும் என்று மேடம் மாற்றி எழுதினார். "சின்னவாளும் உள்ள வரட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?" என்று சிரித்தார். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அலுவலகத்தில் எங்களைப் போலத்தான் பேசுவார். சந்தோஷமோ கோபமோ வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சு எட்டிப்பார்க்கும்.

அரசு மின்துறையில் எங்கள் பிரிவின் வேலையை வெளியாருக்குப் புரியவைப்பது பெரும்பாடு. ஏலம் என்றால் விலை ஏறும் என்றுதான் ஊருக்குத் தெரியும். எங்கள் ஏலத்தில் இறங்கும். ஒரு யூனிட் மின்சாரத்தை யார் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறாரோ அவருக்கே திட்டம். இதற்கு மேல் யாரும் கேட்கக்கூடாது என்று ஓர் உச்ச விலையை நாங்கள் முதலிலேயே அறிவித்துவிடுவோம். யார் உள்ளே வரலாம், எவ்வளவுக்கு மேல் கேட்கக்கூடாது, இந்த இரண்டையும் முடிவு செய்வதுதான் எங்கள் பிழைப்பு. நிலம், பேனல், வட்டி எல்லாம் பார்த்து மேடம் ஓர் உச்ச விலையைப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். வெட்டுப்பட்டுத் திரும்பி வந்தது. வேறொரு மாநிலத்தில் இதைவிடக் குறைவாகக் கிடைத்ததாம். அங்கே அரசே நிலம் கொடுத்தது, வந்த கம்பெனிக்கு வெளிநாட்டுக் கடன் கிடைத்தது என்று நேரில் போய் மன்றாடியும் பார்த்தார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முகம் சிவக்க வெளியே வந்தவர், "விடுங்கோ. இந்த விலைக்கு ஒருத்தரும் வரமாட்டா. ஏலம் காலியாப் போகட்டும், அப்பத்தான் மேல இருக்கறவாளுக்கு உறைக்கும்" என்றார். எங்கள் அலுவலகத்தில் இது புதிதல்ல. வாயால் சொல்லி ஏறாத விலையை, யாரும் வராத ஏலத்தைக் காட்டி ஏற்றிக்கொள்வோம். ஆனால் அது பெரிய கம்பெனிகள் மட்டுமே வந்த காலத்து வழக்கம். கணக்குப் போடத் தனி ஆள் வைத்திருப்பவர்கள் அவர்கள்; கட்டுப்படியாகாது என்றால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கதவைத் தானே அகலத் திறந்துவிட்டிருப்பது அந்தக் கோபத்தில் மேடத்துக்கு உறைக்கவில்லை. அறிவிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒருவர் வந்தார். கே.கே. நகரில் சின்னக் கம்பெனி நடத்தியவர், தி. நகர் ஜவுளிக்கடை மாடிகளில் பேனல் மாட்டிப் பேர் வாங்கியவர். ஏலத்தில் சேர வங்கி உத்தரவாதம் வேண்டும். அதற்காகச் சொந்த வீட்டை அடமானம் வைத்திருந்தார். உச்ச விலைக்கும் கீழே கேட்டு வென்றுவிட்டார். உத்தரவை வாங்க மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அவர் சட்டையில் கடை மடிப்புகூடக் கலையவில்லை. "நன்னா கணக்குப் பாத்துட்டேளா?" என்று மேடம் கேட்டார். "கவர்மென்ட்டே போட்ட ரேட்டு மேடம். கட்டாத ரேட்டையா கவர்மென்ட்டு போடும்? அதுலேர்ந்து கொஞ்சம் கொறைச்சேன், அவ்ளோதான்" என்றார் அவர். கட்டுப்படியாகாவிட்டால் வரமாட்டார்கள் என்று நாங்கள் இருந்தோம். கட்டுப்படியாகாததை இவர்கள் போடமாட்டார்கள் என்று அவர் இருந்திருக்கிறார். அப்போதே பின்வாங்கினாலும் உத்தரவாதப் பணம் போய்விடும் என்பது விதி.

அந்த விலையைப் பார்த்து எந்த வங்கியும் கடன் கொடுக்கவில்லை. மேடம் தன்னால் முடிந்தவரை கெடுவை நீட்டித்துப் பார்த்தார். கடைசியில் உத்தரவாதப் பணத்தை எடுத்துக்கொள்ளும் ஆணையில் அவரே கையெழுத்துப் போட வேண்டிவந்தது. அன்று அந்த மனிதர் தனியாக வந்தார். "கட்டாதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா மேடம்?" என்று கேட்டார். மேடம் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "தெரியும்" என்றார். "தெரிஞ்சுகினேவா போட்டீங்க?" அவர் குரல் உயரவே இல்லை. "ஒரே ஒரு ஆளு, போய்டுப்பான்னு சொல்லியிருந்தா போயிருப்பேனே மேடம்." அவர் கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடு கைவிட்டுப் போயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் அவரும் போய்ச் சேர்ந்தார், மாரடைப்பு என்றார்கள். மேடம் துக்கம் விசாரிக்கப் போனார், நானும் கூடப் போனேன். வாடகை வீட்டின் கதவைத் திறந்த அவர் மனைவி, மேடத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அடுத்த ஏலத்துக்கான குறிப்பு மேலிடத்திலிருந்து வந்தது. சென்ற ஏலத்தில் சந்தையே ஒப்புக்கொண்ட விலை இது, இனி இதுவே உச்ச விலை என்று எழுதியிருந்தார்கள். செத்துப்போனவர் கேட்ட விலை அது. ஒரு யூனிட்கூட உற்பத்தியாகாத விலை. மேடம் அந்த வாரமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வெட்டுப்பட்டு வரும் விலைகளில் நானும் கையெழுத்துப் போடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. போன வாரம் மயிலாப்பூரில் மேடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். மெலிந்துவிட்டார். காபியைக் கொடுத்த கையோடு, "இந்தத் தடவை எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். செத்துப்போனவர் கேட்ட விலையைவிடவும் கீழே.

"யாரும் வரலைதானே?"

"ஒருத்தர் வந்திருக்கார் மேடம். அடையாறுல மாடியில பேனல் மாட்டறவர்."

"அவர்கிட்ட சொன்னேளா?" மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த விலை கட்டாது, போயிடுங்கோன்னு வாயத் தொறந்து சொன்னேளா?"

"சொன்னேன் மேடம். விதியை மீறித்தான் சொன்னேன். அவர் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, 'எந்தப் பெரிய கம்பெனிக்காரன் சார் உங்களுக்குக் காசு குடுத்தான்?'னு கேட்டார்."