சீரில் வைக்காத கிரைண்டர்

எங்கள் கோயமுத்தூர்க்காரர்களிடம் யோசனை கேட்பதைப் போல வீண் வேலை வேறு கிடையாது. கேட்டவர் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் "செஞ்சு போடுங்க, நல்லா வருமுங்க" என்பார்கள். மரியாதை எங்களுக்குள் அவ்வளவு முற்றிப் போயிருக்கிறது.

என் சின்னம்மா மகள் லோகப்பிரியாவுக்கும் இது தெரியும். சிங்காநல்லூரில் அவள் அப்பா தொடங்கிய கிரைண்டர் கம்பெனிக்கு இன்று அவள்தான் நிர்வாக இயக்குநர். தெரிந்தும் ஏமாந்தாள். ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய புது கிரைண்டர் ஒன்றை உருவாக்கி, டீலர்களைக் கேட்டாள். ஆலோசனை நிறுவனத்தைக் கேட்டாள். கம்பெனியில் பங்குதாரரான சொந்த அண்ணன் செங்கோடனையும் கேட்டாள். ஒருவர் விடாமல் தலையாட்டினார்கள். திங்கட்கிழமை பழைய மாடலை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்குவதென்று முடிவாயிற்று. பழைய அச்சுகள் உருக்கப் போய்விட்டால் பின்வாங்க வழியில்லை.

அதற்கு முந்தின நாள் செங்கோடன் மகள் ரித்திகாவுக்குக் கல்யாணம். புது கிரைண்டரின் முதல் உருப்படியைச் சீரில் வைக்கச் சொல்லி, அத்தைக்காரி முன்பே அனுப்பியிருந்தாள். மண்டபத்தில் கட்டில், பீரோவுக்குப் பக்கத்தில் ஆசையாகப் போய்ப் பார்த்தாள். அங்கே இருந்தது பழைய மாடல்.

பந்தி முடியும்வரை சிரித்த முகமாக நின்றாள். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பிறகு அண்ணனை ஓரமாக நிறுத்தினாள்.

"ஏனுங்ணா, நான் குடுத்தது எங்கீங்க?"

"ஊட்டுல இருக்குது கண்ணு. உங்க அண்ணி ரண்டு தடவை அரைச்சுப் பார்த்தா. மாவு சூடாயிப்போகுது. போற எடத்துல புள்ளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாதுல்ல?"

"மீட்டிங்குல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"நீ அத்தனை ஆசையாக் கேட்டே அம்மணி. எப்படி வேண்டாம்கிறது?"

தன் மகளுக்கு ஆகாததை ஊருக்கெல்லாம் விற்கச் சம்மதித்த அந்தப் பாசத்தை என்னவென்று சொல்வது? எனக்கு எரிச்சல் வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நொந்தது அண்ணனை அல்ல, தான் கேட்ட விதத்தை. 'பண்ணட்டுமா?' என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ஆசீர்வாதம்தான் பண்ணுவார்கள். அங்கிருந்தே தொழிற்சாலைக்குப் போன் போட்டு, அச்சுகளைத் தொட வேண்டாம் என்றாள்.

இப்போதெல்லாம் அவள் யாரிடமும் அபிப்பிராயம் கேட்பதில்லை. திருத்திய கிரைண்டரைக் காட்டி, "உங்க புள்ளைக்குச் சீருல வெப்பீங்களா?" என்று மட்டும் கேட்கிறாள். டீலர்கள் மோட்டுவளையைப் பார்க்கிறார்கள். சிலர் பேச்சை மாற்றிக் காபி கேட்கிறார்கள். காபி வருகிறது, கிரைண்டர் மறுபடி பட்டறைக்குப் போகிறது.

போன வாரம் செங்கோடனிடமும் அதையே கேட்டாள். அவர் சுவிட்சைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். தங்கையின் முகத்தைப் பார்க்காமல், "வேண்டாம் கண்ணு, சத்தம் ஜாஸ்தியா இருக்குது" என்றார்.

பிறந்ததிலிருந்து அவர் அவளுக்குச் சொன்ன முதல் 'வேண்டாம்' அது. லோகப்பிரியா எழுந்து வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.