ஆறு ப்ரீஆம்புக்கு ஒரு பவர் சப்ளை

தெருவில் அவருக்கு ரெகுலேட்டர் என்று பெயர். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர்காரர். யார் வீட்டு ரேடியோ இரைந்தாலும், "சுத்தமான சப்ளை இல்ல, கரண்ட் ஏறி இறங்காம இருக்க ஒரு ரெகுலேட்டர் போடணும்" என்பார். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தாலும் அதையேதான் சொல்வார் என்று கேலி செய்வார்கள்.

மனைவியின் தம்பி ஒலிப்பதிவு அறை திறந்தான். ஆறு மைக்குக்கு ஆறு ப்ரீஆம்ப். மைக்கின் மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கித் தரும் பெட்டிகள். ஆறுக்கும் ஒரே பவர் சப்ளை செய்து தருவதாக ரெகுலேட்டர் வலியப் போய் ஏற்றுக்கொண்டார். "மாமா கை வச்சா போதும்" என்று மச்சான் அடிக்கடி சொல்வான். எதற்குப் போதும் என்று மட்டும் சொன்னதில்லை. அந்த வாயிலிருந்து ஒரே ஒரு நிஜப் பாராட்டு வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் மனிதருக்கு ஆசை.

முதலில் செய்தது 'ங்ஙொய்' என்றது. எர்த் ஒயரை ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று இழுத்துக்கொண்டே போயிருந்தார். அப்படி இழுத்தால் இரையும், செய்யாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியவர்! தலையில் அடித்துக்கொண்டு மொத்தத்தையும் கழற்றினார். பெட்டிக்கொரு ரெகுலேட்டர், ஆறு எர்த் ஒயரும் ஒரே திருகில், டிரான்ஸ்ஃபார்மர் தள்ளித் தனிப் பெட்டியில். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மனைவி ஓய்ந்துபோனாள்.

ஒலிப்பதிவு அறையில் மாட்டிய அன்று ஹெட்ஃபோனைப் போட்டு, வால்யூமைக் கடைசிவரை திருப்பினார். இரைச்சல் மருந்துக்கும் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் மனைவியும் மச்சானும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இவர் செய்த பெட்டியில் கிசுகிசுப்பு எங்கே கேட்கப்போகிறது என்ற தைரியம்.

"நல்லா இருக்குன்னு சொல்லிடுடா. பாவம், தூங்காம செஞ்சாரு."

"சொல்றேன்க்கா. கடையில ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டேன். வந்ததும் சத்தமில்லாம மாத்திடறேன்."

ஓர் எழுத்தும் தேயவில்லை. அவள் விட்ட பெருமூச்சுகூடக் காதோரம் விட்டதுபோல் கேட்டது. இதைவிடச் சுத்தமான சப்ளையை எந்தக் கொம்பனாலும் செய்ய முடியாது என்று பெருமையாக இருந்தது. நெஞ்சு வலிக்கவும் செய்தது.

மச்சான் கதவைத் திறந்துகொண்டு வந்தான். "பிரமாதம் மாமா. துளி இரைச்சல் இல்ல."

"நீ இன்னும் கேக்கவே இல்லையே மாப்ள." ரெகுலேட்டர் ஹெட்ஃபோனைக் கழற்றி நீட்டினார். "உங்கக்கா உள்ளதான் இருக்கா. கேட்டுப் பாரு."

மாட்டிக்கொண்டான். உள்ளே அவள், "கடவுளே, இவர் மனசு நோகாம இருக்கணும்" என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

மச்சானுக்கு முகம் வெளுத்தது. மாமாவைப் பார்க்க முடியாமல் வால்யூம் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றான்.