நாற்பதாவது வாக்குமூலம்

ரூபனைக் கோழை என்று சொன்னால் அவன் தாங்கிக்கொள்வான். பொய்யன் என்று சொன்னாலும் மறுக்கமாட்டான். நடக்கவே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நடந்தது. 2023 செப்டம்பர் 11, திங்கட்கிழமை, பட்டப்பகலில்.

சேலத்தில் ஒரு கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் அவனுக்கு வேலை. வெள்ளைக்கல் சுரங்கங்களில் உழைத்தவர்களின் வரலாற்றைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய பதிவேடுகளை அடுக்குவதோடு, தொழிலாளர்களை நேரில் பார்த்து அவர்கள் சொல்வதை எழுதிவர வேண்டும். நாற்பது பேர் வேண்டும். முப்பத்தொன்பது முடித்திருந்தான். வெயிலில் இன்னொரு ஊருக்கு அலைய மனமில்லை. வெள்ளிக்கிழமை மாலை, 1968-ஆம் வருடத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டி ஒரு பெயரைப் பிடித்தான். காளியாத்தாள், கல் சுமப்பவர், சொந்த ஊர் புதுச்சத்திரம். ‘சுரங்கம்தான் எங்களுக்குச் சோறு போட்டது, ஒரு குறையும் இல்லை’ என்று அவள் சொன்னதாக இரண்டு பக்கம் தானே எழுதிக் கோப்பில் சேர்த்துவிட்டான்.

ஞாயிறு மாதா கோயில் பூசையில், பாவத்தோடு நற்கருணை வாங்கக் கூடாதென்று அவன் எழுந்து போகவில்லை. ஏன் என்று அம்மா மரியபுஷ்பம் கேட்டாள். தலைவலி என்றான். அதுவும் பொய்.

திங்கள், மதியம் 2.40. அறையில் அவன் மட்டும். மின்விசிறி டக்... டக்... என்று சுற்றியது. நிமிர்ந்தபோது எதிர் நாற்காலியில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

“காளியாத்தா சொன்னத வாசிங்க சாமி.”

சொந்தக்காரியாக இருக்கும் என்று நினைத்தான். வெட்கத்தில் முகம் எரிந்தது. வாசித்தான். மேசைமேல் காகிதங்கள் படபடத்தன. அவள் முந்தானை மட்டும் அசையவில்லை...

“நானு இப்படிச் சொல்லலீங்களே.”

நானு...?

பேனா நழுவியது. “பின்ன... என்ன சொன்னீங்க?”

“ஒண்ணுமே சொல்லலீங்க சாமி. அடிச்சுப் போடுங்க.”

பேனாவை எடுத்து இரண்டு பக்கங்களையும் குறுக்கே அடித்தான்.

நிமிர்ந்தான்.

நாற்காலி காலி.

மணி 2.43.

மறுநாள் புதுச்சத்திரத்தில் விசாரித்து அவள் மகன் நாச்சிமுத்துவின் வீட்டைக் கண்டுபிடித்தான். அறுபது வயதுக்காரர்.

“அம்மா செத்து முப்பது வருசமாச்சுங்க” என்றார்.

அதை அவன் எதிர்பார்த்துத்தான் போயிருந்தான். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். தான் பொய்யாக எழுதியது, அவள் வந்தது, பேசியது. இரண்டு அடி அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

நாச்சிமுத்து திட்டவில்லை.

“ஏனுங்க... அம்மா பேசுச்சுங்களா?”

“ஆமாங்க.”

“எங்கம்மா பொறவி ஊமைங்க.”



பெரியவர் கண்கலங்க அவன் பக்கம் குனிந்தார்.

“கொரலு... எப்படீங்க இருந்துச்சு?”